அவசரத்துக்கு ஒரு டப்பா: எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது?

இந்தக் கட்டுரையில் சர்க்யூட் இல்லை, கோடிங் இல்லை, ப்ளேஸ்மென்ட் டிப்ஸும் இல்லை. நம்ம பையிலும் ஹாஸ்டல் அலமாரியிலும் லேப் சுவரில் தொங்குற முதலுதவிப் பெட்டியிலும் கிடக்கிற மாத்திரைகளைப் பத்திப் பேசப் போறோம். ஏன்னு முதல்ல சொல்லிடறேன்.

என் மாமா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்க்கிறார். வயசு 52. ஒரு ஞாயித்துக்கிழமை ராத்திரி சாப்பிட்டு முடிச்சதும் நெஞ்சை அழுத்துற மாதிரி இருக்குன்னார். வேர்த்துக் கொட்டுச்சு. இடது தோள்பட்டை வரைக்கும் வலி. மத்தியானம் பிரியாணி சாப்பிட்டிருந்ததால "கேஸ்தான்"னு எல்லாரும் முடிவு பண்ணிட்டோம். அத்தை சீரகத் தண்ணி கொடுத்தாங்க. நான் ஓடிப் போய் சோடா வாங்கிட்டு வந்தேன். அப்புறம் ஒரு ஜெலுசில். இப்படியே ரெண்டு மணி நேரம் போச்சு. கடைசியில் 108-க்கு போன் பண்ணினப்போ, வந்த ஆம்புலன்ஸ் டெக்னீஷியன் கேட்ட முதல் கேள்விகளில் ஒண்ணு: "ஆஸ்பிரின் ஏதாவது கொடுத்தீங்களா?"

வீட்டில் ஆஸ்பிரின் இருந்தது. பாட்டிக்கு டாக்டர் எழுதிக் கொடுத்தது, ஃபிரிட்ஜ் மேலேயே இருந்தது. எங்களுக்குத்தான் தெரியலை. மாமா பிழைச்சுக்கிட்டார். ஆனா அவர் இதயம் இப்போ முழு வேகத்தில் பம்ப் பண்ணுறதில்லை. ரெண்டு மாடி ஏறினா மூச்சு வாங்குது. அந்த ரெண்டு மணி நேரத்தைத் திருப்பி வாங்க முடியாது. இந்தக் கட்டுரை உங்க வீட்டில் ஒருத்தருக்கு அந்த ரெண்டு மணி நேரத்தை மிச்சம் பண்ணினா போதும்.

ஒரு விஷயம் முன்கூட்டியே சொல்லிடறேன். இதைப் படிச்சதால நாம டாக்டர் ஆகிட மாட்டோம். எந்த அவசரத்திலும் முதல் வேலை 108-ஐக் கூப்பிடுறதுதான். ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாதுங்கிறதுதான் நம்ம பாடம்.

1. மாத்திரையைத் தொடுறதுக்கு முன்னாடி: ஐந்து 'சரி'கள்

நர்சிங் படிக்கிறவங்களுக்கு முதல் நாட்களிலேயே சொல்லிக் கொடுக்கிற விதி இது. சரியான ஆள், சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். இதில் ஒண்ணு தப்பினாலும் மருந்து உதவாது, சில சமயம் கெடுதலாவும் முடியும்.

ஆள்: அவருக்கு ஏற்கெனவே என்ன நோய் இருக்கு, எந்த மருந்து ஒத்துக்காதுன்னு கேளுங்க. பெண்ணாக இருந்தா கர்ப்பமா இருக்காங்களான்னும் கேட்கணும்.
மருந்து: பிராண்ட் பெயரை விட்டுட்டு அதுக்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கிற மருந்துப் பெயரைப் படிங்க. ஒரே மருந்துக்கு நூறு பிராண்ட் இருக்கும்.
அளவு: மி.கி. வேற, மி.லி. வேற. இதைப் பின்னாடி விரிவாகப் பார்ப்போம்.
வழி: விழுங்குறதா, மெல்லுறதா, நாக்குக்கு அடியில் வைக்கிறதா, உறிஞ்சுறதா?
நேரம்: கடைசியா எப்போ போட்டாங்க?

ஆறாவதா நான் ஒண்ணு சேர்ப்பேன்: எழுதி வைங்க. "9.40, ஆஸ்பிரின் 300 மி.கி." என்று கையிலாவது பேனாவால எழுதுங்க. ஆஸ்பத்திரியில் முதல்ல கேட்கிற கேள்வி அதுதான்.

இன்னொரு பொன் விதி: மயக்கத்தில் இருக்கிறவங்க, அரை நினைவில் இருக்கிறவங்க, வலிப்பில் இருக்கிறவங்க வாயில் மாத்திரையோ தண்ணியோ சோடாவோ எதுவும் ஊத்தக் கூடாது. அது வயித்துக்குப் போகாது, மூச்சுக் குழாய்க்குப் போகும். ஒருக்களிச்சுப் படுக்க வைங்க.

2. நெஞ்சு வலி: ஆஸ்பிரின்

மாரடைப்பில் என்ன நடக்குது? இதயத் தசைக்கு ரத்தம் கொண்டு போற குழாயில் ரத்தம் உறைஞ்சு அடைச்சுக்குது. ரத்தத் தட்டணுக்கள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி அந்த அடைப்பைப் பெரிசாக்கிக்கிட்டே போகும். ஆஸ்பிரின் அந்த ஒட்டுற வேலையை நிறுத்துது. 1988-இல் வெளிவந்த 'ஐசிஸ்-2' ஆய்வில் 17,000-க்கும் மேற்பட்ட நோயாளிகள் இருந்தாங்க. ஆஸ்பிரின் கொடுத்தவங்ககிட்ட முதல் 5 வாரத்தில் இறப்பு சுமார் 23 சதவீதம் குறைஞ்சது. சில ரூபாய் மாத்திரைக்கு இது பெரிய வேலை.

தமிழக அரசு இதை வைத்துத்தான் 2023 ஜூனில் 'இதயம் காப்போம்' திட்டத்தைத் தொடங்கியது. நெஞ்சு வலின்னு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ துணை சுகாதார நிலையத்துக்கோ வர்றவங்களுக்கு, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புறதுக்கு முன்னாடியே 14 மாத்திரை கொடுக்கிறாங்க: ஆஸ்பிரின் 150 மி.கி. 2, குளோபிடோக்ரெல் 75 மி.கி. 4, அடோர்வாஸ்டாடின் 10 மி.கி. 8. இரண்டு, நாலு, எட்டு என்று ஞாபகம் வச்சுக்கலாம். ஆனா அந்த 14-ஐயும் நாமே கடையில் வாங்கிப் போடுறதுக்காக இதைச் சொல்லலை. அது அங்கே இருக்கிற சுகாதாரப் பணியாளர் பார்த்துக் கொடுக்க வேண்டியது. நமக்கான செய்தி என்னன்னா, பெரிய ஆஸ்பத்திரி தூரமா இருந்தாலும் முதல் மருந்து நம்ம தெருவுக்குப் பக்கத்திலேயே இருக்கு. உங்க வீட்டுக்குப் பக்கத்தில் எந்தச் சுகாதார நிலையம் இரவிலும் திறந்திருக்குன்னு இன்னிக்கே தெரிஞ்சு வச்சுக்கோங்க.

வீட்டில் செய்ய வேண்டிய வரிசை:

ஒண்ணு: உட்கார வைங்க. நடக்க விடாதீங்க, பைக்கில் ஏத்தாதீங்க.
ரெண்டு: 108. இடத்தைச் சொல்றப்போ அடையாளத்தோட சொல்லுங்க. "அம்பத்தூர்"னு மட்டும் சொன்னா ஓ.டி.யா, எஸ்டேட்டா, கள்ளிக்குப்பமா?
மூணு: 108-இல் பேசுறவர்கிட்ட "ஆஸ்பிரின் கொடுக்கலாமா?"ன்னு கேளுங்க. பெரியவங்களுக்கு 300 மி.கி., அதாவது 150 மி.கி. மாத்திரை இரண்டு. விழுங்கச் சொல்லாதீங்க, மென்னு சாப்பிடச் சொல்லுங்க. நம்ம கடைகளில் கிடைக்கிற பல ஆஸ்பிரின் மாத்திரைகளுக்கு வயித்தில் கரையாத மேல்பூச்சு இருக்கும். முழுசா விழுங்கினா மருந்து வேலை செய்ய ரொம்ப நேரம் ஆகும்.

யாருக்குக் கொடுக்கக் கூடாது? ஆஸ்பிரின் அலர்ஜி உள்ளவங்க, ஆஸ்பிரின் போட்டா ஆஸ்துமா அதிகமாகிறவங்க, அல்சரில் ரத்தம் வந்தவங்க, எங்கேயாவது ரத்தக் கசிவு இருக்கிறவங்க.

முக்கியமா, பக்கவாதம் மாதிரி தெரிஞ்சா கொடுக்கவே கூடாது. வாய் கோணுது, ஒரு கை தொங்குது, பேச்சு குழறுதுன்னா அது மூளையில் அடைப்பாகவும் இருக்கலாம், ரத்தக் கசிவாகவும் இருக்கலாம். ஸ்கேன் எடுக்காம யாராலும் சொல்ல முடியாது. கசிவா இருந்து நாம ஆஸ்பிரின் கொடுத்தா நிலைமை மோசமாகும். அவங்களுக்கு நாம கொடுக்க வேண்டியது நேரம் மட்டும்தான். அறிகுறி எத்தனை மணிக்கு ஆரம்பிச்சதுன்னு குறிச்சுக்கோங்க. அடைப்பைக் கரைக்கிற ஊசியை நாலரை மணி நேரத்துக்குள்ள போட்டாகணும்.

வாட்ஸப்பில் சுத்துற "நாக்குக்கு அடியில் சார்பிட்ரேட் வைங்க" என்ற செய்தியை நம்பி வைக்காதீங்க. ரத்த அழுத்தம் ஏற்கெனவே குறைஞ்சிருந்தா அது இன்னும் கீழே தள்ளிடும். டாக்டர் எழுதிக் கொடுத்தவங்க மட்டும், அவங்க சொன்ன அளவில் வைக்கலாம்.

3. காய்ச்சல்: பாராசிட்டமால் கணக்கு

ஹாஸ்டலில் அதிகமா விழுங்கப்படுற மாத்திரை இதுதான். பாதுகாப்பான மருந்துதான், ஆனா அளவுக்குள்ள இருக்கிற வரைக்கும். பெரியவங்களுக்கு ஒரு தடவைக்கு 500 அல்லது 650 மி.கி., குறைஞ்சது 4 முதல் 6 மணி நேர இடைவெளி, ஒரு நாளைக்கு 4 கிராமைத் தாண்டவே கூடாது. எடை 50 கிலோவுக்குக் குறைவா இருந்தா, குடிப்பழக்கமோ கல்லீரல் பிரச்சினையோ இருந்தா, அந்த வரம்பு இன்னும் கீழே.

"நான் எங்கே 4 கிராம் போடப் போறேன்?"னு நினைக்கிறீங்களா? கணக்குப் போடுங்க. காய்ச்சலுக்கு 650 மி.கி. மாத்திரை ஒரு நாளைக்கு 4: 2,600 மி.கி. கூடவே சளிக்குன்னு மெடிக்கல் ஷாப்பில் வாங்கின மாத்திரை 3. அட்டையைத் திருப்பிப் பாருங்க, பெரும்பாலும் அதிலேயும் பாராசிட்டமால் 500 மி.கி. இருக்கும்: 1,500. மொத்தம் 4,100. ரெண்டு வேற வேற மாத்திரைன்னு நினைச்சீங்க, வரம்பைத் தாண்டிட்டீங்க. இதில் ஆபத்து என்னன்னா, அளவு மீறினா முதல் நாள் ஒண்ணுமே தெரியாது. கல்லீரல் பாதிப்பு ஒண்ணு ரெண்டு நாள் கழிச்சுத்தான் வெளியே தெரியும். மாற்று மருந்து ஆஸ்பத்திரியில் இருக்கு, ஆனா சீக்கிரம் போனாத்தான் முழுப் பலன். அதனால அளவு மீறிட்டதுன்னு சந்தேகம் வந்தாலே "நல்லாத்தானே இருக்கேன்"னு காத்திருக்காதீங்க.

ஐப்பசி, கார்த்திகை மழைக்கு அப்புறம் ஆவடி, திருமுல்லைவாயல், கொரட்டூர் பக்கம் தண்ணி தேங்கி நிக்கிறதை நாம எல்லாரும் பார்த்திருக்கோம். அது டெங்கு சீசன். அந்த நேரத்தில் காய்ச்சலுக்கும் உடம்பு வலிக்கும் பாராசிட்டமால் மட்டும். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் மூணும் வேண்டாம். டெங்குவில் தட்டணுக்கள் ஏற்கெனவே குறையும், இந்த மருந்துகள் ரத்தக் கசிவு அபாயத்தைக் கூட்டும். மேலே உயிர் காத்த அதே ஆஸ்பிரின்தான் இங்கே எதிரி. அதனாலதான் 'சரியான ஆள்' முதல் விதி.

குழந்தைகளுக்கு: இங்கேதான் அதிகத் தப்பு நடக்குது. அளவு எடையைப் பொறுத்தது: ஒரு கிலோவுக்கு 15 மி.கி. பத்து கிலோ குழந்தைக்கு 150 மி.கி. இப்போ பாட்டிலைப் பாருங்க. சொட்டு மருந்தில் 1 மி.லி.யில் 100 மி.கி. இருக்கும், அப்போ 1.5 மி.லி. போதும். ஒரு வகை சிரப்பில் 5 மி.லி.யில் 120 மி.கி., அதுக்கு 6.25 மி.லி. இன்னொரு வகையில் 5 மி.லி.யில் 250 மி.கி., அதுக்கு 3 மி.லி. சிரப் அளவை ஞாபகம் வச்சுக்கிட்டு சொட்டு மருந்தை 6.25 மி.லி. கொடுத்தா 625 மி.கி. ஆகிடும். நாலு மடங்குக்கு மேல! "ஒரு மூடி கொடு"ன்னு சொல்றதை நிறுத்துங்க. பாட்டிலோட வர்ற அளவுக் கோப்பை அல்லது சிரிஞ்சால் அளங்க. சமையல் ஸ்பூன் வேண்டாம். மூணு மாசத்துக்குக் கீழே உள்ள குழந்தைக்குக் காய்ச்சல்னா மருந்தே நாம யோசிக்கக் கூடாது, நேரா ஆஸ்பத்திரி.

இருமல் சிரப்பைப் பத்தி ஒரு வார்த்தை. 2025-இல் மத்தியப் பிரதேசம் சிந்த்வாராவில் 'கோல்ட்ரிஃப்' சிரப் குடிச்ச குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தாங்க. அது தயாரானது நம்ம பூந்தமல்லியிலிருந்து பெங்களூர் ரோட்டில் போனா வர்ற சுங்குவார்சத்திரத்தில். தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதிச்சப்போ அதில் டைஎத்திலீன் கிளைகால் என்ற விஷம் 48.6 சதவீதம் இருந்தது. அந்த அக்டோபரில் மத்திய சுகாதாரத் துறை சொன்னது: 2 வயசுக்குக் கீழே இருமல், சளி சிரப் கொடுக்கவே கூடாது, 5 வயசுக்குக் கீழே பொதுவாகத் தேவையில்லை. நம்ம வீட்டில் தம்பி, தங்கை, அக்கா குழந்தை இருந்தா இதைச் சொல்லுங்க.

4. வயித்துப்போக்கு: ஓ.ஆர்.எஸ்.

1971 வங்கதேசப் போர் சமயம். எல்லையோர பங்கான் அகதி முகாமில் காலரா. நரம்பில் ஏத்துற சலைன் தீர்ந்துக்கிட்டிருந்தது. டாக்டர் திலீப் மஹாலானபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணியைக் குடிக்கக் கொடுத்தார். 30 சதவீதம் வரை இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது. 2022-இல் அவர் மறைந்த பிறகு பத்ம விபூஷண் கொடுத்தாங்க.

இது எப்படி வேலை செய்யுது? குடல் சுவரில் ஒரு கடத்தி இருக்கு. சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்து வந்தாத்தான் அது ரெண்டையும் உள்ளே இழுக்கும், பின்னாடியே தண்ணியும் போகும். அதனால விகிதம் முக்கியம். உலக சுகாதார நிறுவனத்தின் அளவு, 1 லிட்டருக்கு: உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5, பொட்டாசியம் குளோரைடு 1.5, ட்ரைசோடியம் சிட்ரேட் 2.9.

நாம பண்ற தப்பு: 1 லிட்டர் பாக்கெட்டை ஒரு டம்ளரில் கொட்டிக் கலக்குறது. அது ரொம்பக் கெட்டி. உடம்பிலிருந்து தண்ணியைக் குடலுக்குள்ள இழுத்து, போக்கை அதிகமாக்கும். பாக்கெட்டில் 1 லிட்டரா, 200 மி.லி.யான்னு படிச்சுட்டு முழுசா அந்த அளவு காய்ச்சி ஆறின தண்ணியில் கலக்குங்க. 24 மணி நேரத்துக்கு மேல வைக்காதீங்க. பாக்கெட் கிடைக்கலைன்னா 1 லிட்டர் தண்ணியில் தலை தட்டின 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. வாந்தி எடுத்தா 10 நிமிஷம் விட்டு, ஒவ்வொரு ஸ்பூனா கொடுங்க. குழந்தைகளுக்குப் போக்கை நிறுத்துற மாத்திரை கொடுக்காதீங்க.

கடையில் அட்டை டப்பாவில் விக்கிற இனிப்புப் பானம் எல்லாம் ஓ.ஆர்.எஸ். இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுக்குப் பொருந்தாத பானங்கள் அந்தப் பெயரைப் போடக் கூடாதுன்னு உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவு போட்டது. ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல வருஷம் போராடினதோட பலன் அது.

5. மூச்சு, சர்க்கரை, அலர்ஜி, வலிப்பு

ஆஸ்துமா: நண்பர்கிட்ட சால்புடமால் இன்ஹேலர் இருக்கும். நிறத்தை நம்பாம பெயரைப் படிங்க. நிமிர்ந்து உட்கார வைங்க. குலுக்கி, ஸ்பேசரில் பொருத்தி ஒரு அழுத்து, 4 மூச்சு. இப்படி 4 தடவை. 4 நிமிஷம் பாருங்க. சரியாகலைன்னா 108-ஐக் கூப்பிட்டுட்டு மறுபடி அதே 4. ஸ்பேசர் இல்லையா? 500 மி.லி. தண்ணி பாட்டிலின் அடியில் இன்ஹேலர் வாய் இறுக்கமா நுழையுற அளவு ஓட்டை போட்டு, டேப் ஒட்டுங்க. மூடிப் பக்கம் வாயில். நம்ம ஆளுங்களுக்கு இது ரெண்டு நிமிஷ வேலை. ஒரு வாக்கியம் கூடப் பேச முடியலை, உதடு நீலமாகுதுன்னா காத்திருக்காதீங்க, உடனே 108.

சர்க்கரை குறைவு: இன்சுலின் போடுறவர் திடீர்னு நடுங்குறார், வேர்க்குது, சம்பந்தமில்லாம பேசுறார். நினைவு இருந்தா 3 டீஸ்பூன் குளுக்கோஸ் அல்லது சர்க்கரை தண்ணியில் கலந்து கொடுங்க. 15 நிமிஷம் கழிச்சும் சரியாகலைன்னா இன்னொரு தடவை. டயட் கூல்டிரிங்க்ஸ் உதவாது, அதில் சர்க்கரையே இல்லை. நினைவு இல்லைன்னா பொன் விதியை ஞாபகம் வைங்க.

கடுமையான அலர்ஜி: இறால் சாப்பிட்டோ, தேனீ கொட்டியோ முகம் வீங்கி, மூச்சுத் திணறி, தலை சுத்தினா அதுக்கு மருந்து அட்ரினலின் மட்டும்தான், பெரியவங்களுக்கு 0.5 மி.கி. தொடைத் தசையில். அது பயிற்சி பெற்றவங்க போட வேண்டிய ஊசி. செட்டிரிசின் அரிப்பைக் குறைக்கும், அடைக்கிற மூச்சைத் திறக்காது. "ஒரு மாத்திரை போட்டு தூங்கு"ன்னு அனுப்பாதீங்க. படுக்க வைத்து காலைத் தூக்கி வைங்க (மூச்சு முட்டினா உட்காரட்டும்), திடீர்னு எழுந்து நிற்க விடாதீங்க, பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க.

வலிப்பு: கையில் சாவி கொடுக்கிறது சினிமா வைத்தியம். வாயில் ஸ்பூன் வைக்கிறது பல்லை உடைக்கும். தலைக்கு அடியில் துணி, சுத்தி இருக்கிற சாமான்களை நகர்த்துங்க, மணியைப் பாருங்க. 5 நிமிஷத்தைத் தாண்டினா 108. அவருக்கு டாக்டர் மூக்கில் அடிக்கிற மிடாசோலாம் ஸ்ப்ரே எழுதிக் கொடுத்திருந்தா, சீட்டில் இருக்கிற அளவு மட்டும்.

பாம்புக் கடி: ஏரிக்கரை ஹாஸ்டல்களில் பாம்பு புதுசில்லை. விஷமுறிவு மருந்து ஆஸ்பத்திரியில் மட்டும்தான். கட்டாதீங்க, கீறாதீங்க. கடிபட்ட கையையோ காலையோ ஆடாம வைத்து அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்க.

6. டப்பாவை எப்படி வைக்கிறது?

பாராசிட்டமால், ஆஸ்பிரின் 150, ஓ.ஆர்.எஸ். நாலு பாக்கெட், குளுக்கோஸ் பொடி, செட்டிரிசின், அளவுக் கோப்பை, தெர்மாமீட்டர், காஸ், பேண்டேஜ். இவ்வளவு போதும். ஆன்டிபயாடிக் வேண்டாம். அட்டையில் சிவப்புக் கோடு இருந்தா அது டாக்டர் சீட்டில்லாம வாங்கக் கூடாதது.

கடையில் பத்து மாத்திரை அட்டையை வெட்டிக் கொடுக்கிறப்போ காலாவதித் தேதி பெரும்பாலும் மீதித் துண்டிலேயே போயிடும். வாங்கும்போதே முழு அட்டையை போனில் போட்டோ எடுத்துக்கோங்க. மே மாசம் பைக் டிக்கியில் மருந்து வைக்காதீங்க. டப்பா மூடிக்குள்ள மூணு எண் எழுதுங்க: 108 ஆம்புலன்ஸ், 104 மருத்துவ ஆலோசனை, 1800 116 117 எய்ம்ஸ் விஷத் தகவல் மையம்.

எஸ்டேட்டுக்கு இன்-பிளான்ட் ட்ரெய்னிங் போறவங்களுக்கு: 150 தொழிலாளர்களுக்கு ஒரு முதலுதவிப் பெட்டியாவது இருக்கணும், அதுக்குப் பயிற்சி பெற்ற ஒருத்தர் பொறுப்பா இருக்கணும்னு 1948 ஃபேக்டரி சட்டத்தின் 45-வது பிரிவிலேயே எழுதி வச்சாங்க. போன முதல் நாளே "பெட்டி எங்கே, சாவி யார்கிட்ட?"ன்னு கேளுங்க.

7. உங்களுக்கு மூணு கேள்வி

கேள்வி 1: ரூம்மேட்டுக்கு மூணு நாளா காய்ச்சல், கண்ணுக்குப் பின்னாடி வலி. ஐபுப்ரோஃபென் கேட்கிறார். கொடுக்கலாமா?
கேள்வி 2: 12 கிலோ குழந்தை. 5 மி.லி.யில் 250 மி.கி. உள்ள பாராசிட்டமால் சிரப். எத்தனை மி.லி.?
கேள்வி 3: வாட்ச்மேன் தாத்தாவுக்குப் பேச்சு குழறுது, வலது கை தொங்குது. கையில் ஆஸ்பிரின் இருக்கு. என்ன செய்வீங்க?

விடை 1: கூடாது. டெங்குவா இருக்கலாம். பாராசிட்டமால், நிறையத் தண்ணி, ரத்தப் பரிசோதனை.
விடை 2: 12 பெருக்கல் 15, 180 மி.கி. அதாவது 3.6 மி.லி.
விடை 3: ஆஸ்பிரினைப் பையிலேயே வைங்க. மணியைக் குறிச்சுக்கிட்டு 108.

மூணும் சரின்னா, நாளைக்குக் காலையில் முதல் பீரியடுக்கு முன்னாடி உங்க டிபார்ட்மென்ட் லேபில் இருக்கிற பெட்டியைத் திறந்து பாருங்க. உள்ளே என்ன இருக்கு, எது காலாவதி ஆகிடுச்சு, சாவி யார்கிட்ட இருக்குன்னு ஒரு பேப்பரில் எழுதி உங்க கிளாஸ் ரெப்கிட்ட கொடுங்க. அப்படியே ராத்திரி வீட்டுக்குப் போன் பண்றப்போ அம்மாகிட்டயும் ஒரு கேள்வி கேளுங்க: "நம்ம வீட்டில் ஆஸ்பிரின் எங்கே இருக்கு?"